பெருவிரலால் கொடுத்த ஸ்வரம்

பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வந்திருக்கும் பிள்ளைகளே, விரலை எப்படி வைப்பது, ஸ்வரத் தாளை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பக்கவாத்தியக்காரனுக்கு என்று ஒரு நோய் உண்டு. அது விரலில் வராது. பாடுகிறவர் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பாரே, அந்த மூச்சு தனக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வதில் தொடங்கும். நான் அதை அக்கறை என்று சொல்லிக்கொண்டேன், பொறுப்பு என்று சொல்லிக்கொண்டேன். ஐம்பது வயதாவதற்குள் வேலையை விட்டுவிட்டு, வாசிக்காத சாயங்காலங்களில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அதன் சரியான பெயர் வாயில் வருகிறது. பொறாமை.

ஜப்பான்காரன் காலம். எனக்கு இருபத்தாறு வயது. பினாங்குக்கு வடக்கே, பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார மானேஜர் ஓடிப்போன பங்களாவில் ஜப்பானிய அதிகாரி ஒருவர் குடியேறியிருந்தார். துரைசானி விட்டுப்போன பியானோ ஹாலில் நின்றது. அதே ஹாலில், பியானோவிலிருந்து ஆறேழு அடி தள்ளி, அதிகாரியின் மேஜை. சயாமுக்கு ரயில் பாதை போட யார் யார் போக வேண்டும் என்ற பட்டியல் அந்த மேஜை மேல்தான் இருந்தது; போனவர்கள் திரும்பி வருவது அரிது. நாங்கள் பாட்டுப் பழகிய நாட்களெல்லாம் அது அங்கேதான் கிடந்தது. மேலே ஒரு கண்ணாடிக் குண்டு வைத்திருப்பார், காற்றில் பறக்காமல் இருக்க.

நான் பீடோங் மாதா கோயிலில் ஹார்மோனியம் வாசிப்பவன். பினாங்கில் மிஷன் பள்ளியில் படித்தபோது பியானோவும் கற்றிருந்தேன். பிலோமினா கோயிலில் பாடுகிறவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் ஆரோக்கியத்தின் மனைவி. அவள் குரலைப் பற்றி என்ன சொல்ல? காலையில் பட்டை வெட்டிய பால்மரத்தில் முதல் சொட்டுப் பால் இறங்குமே, அவசரமே இல்லாமல், ஆனால் நிற்காமல். அப்படி.

அதிகாரி போருக்கு முன்னால் இசை படித்தவர். ஒரு நாள் பியானோ ஸ்டூலின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே துரைசானியின் பாட்டுத் தாள்கள். அதில் ஒன்று பிரெஞ்சுப் பாட்டு, ஒரு குரலுக்கும் பியானோவுக்கும் எழுதியது. மேலட்டையைக் கறையான் தின்றிருந்தது. இசையமைத்தவர் பெயரும் இல்லை, கவிதை எழுதியவர் பெயரும் இல்லை. ஆங்கிலப் பாட்டு பாடினால் கன்னம் வீங்கும் காலம் அது. பிரெஞ்சுப் பாட்டுக்குத் தடை இல்லை, பிரான்ஸ் அப்போது அவர்களுக்கு எதிரி நாடு இல்லை. எங்கள் கோயிலின் பிரெஞ்சு சாமியார் சிறையில் அடைபடாமல் வெளியே நடமாடிக்கொண்டிருந்ததும் அதனால்தான். அதிகாரி சாமியாரைக் கூப்பிட்டு, இதைப் பாட ஆள் வேண்டும் என்றார். அவர்களுடைய பேரரசர் பிறந்தநாளுக்கு அலோர் ஸ்டாரிலிருந்து மேலதிகாரிகள் வருகிறார்களாம். சாமியார் பிலோமினாவைச் சொன்னார், கூடவே என்னையும்.

கவிதையின் அர்த்தத்தைச் சாமியார்தான் சொன்னார். ஆற்றின் மேல் பனி. அக்கரையில் ஒரு வீட்டு விளக்கு. இக்கரையில் ஒருத்தி, படகில், துடுப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். விளக்கு அணைகிறது.

"அவ்வளவுதானா சாமி?" என்றாள் பிலோமினா. "அந்தப் பொம்பள அக்கரைக்குப் போனாளா, போவலையா?"

"அது பாட்டில் இல்லை, மகளே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்குப் புரிஞ்சிருச்சு. விடியக்கால பெரட்டுல பேர் கூப்பிட நிக்கிறப்ப பால்மரத்துக்குள்ள பனி நிக்கும்ல? அடுத்த நெரையில ஆள் தெரியாது, கைவெளக்கு மட்டும் தெரியும். அப்புறம் அதுவும் போயிரும். அதானே?"

சாமியார் சிரித்தார். எனக்கு அதே நாளில் தெரிந்துவிட்டது, இந்தப் பாட்டு இவளுக்காகவே பினாங்குக் கப்பலில் ஏறி வந்து, கறையானுக்குத் தப்பி, அந்த ஸ்டூலுக்குள் காத்துக்கிடந்திருக்கிறது என்று. அவளுக்காக. அப்படியென்றால் எனக்காகவும். இப்படித்தான் என் கணக்கு ஓடியது.

ஆனால் பாட்டு லேசில் பிடிபடவில்லை. நம் பாட்டில் சுருதி கூடவே ஓடிக்கொண்டிருக்கும். கோயில் பாட்டில் ஹார்மோனியம் பாடுகிறவள் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கும். இந்தப் பாட்டில் பியானோ மெட்டைத் தொடுவதே இல்லை. அது பாட்டுக்குப் பனியை வாசித்துக்கொண்டிருக்கும், பாடுகிறவள் அதற்குள் தனியாக நடக்க வேண்டும். முதல் அடி பரவாயில்லை. முதல் அடி முடிந்ததும் பியானோ மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போகும். போய் நிற்கிற இடத்தில், அவள் இரண்டாம் அடியைத் தொடங்க வேண்டிய ஸ்வரம் இருக்காது. அக்கம்பக்கத்து ஸ்வரங்கள் எல்லாம் இருக்கும். அது மட்டும் இருக்காது.

முதல் நாள் தவறினாள். இரண்டாம் நாளும் தவறினாள். மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த இடம் வந்ததும், வலது கைப் பெருவிரலால், மற்ற ஸ்வரங்களுக்கு நடுவில், அவளுக்கு வேண்டிய ஸ்வரத்தை மெல்ல அழுத்திக் கொடுத்தேன். தாளில் இல்லாதது. ஹார்மோனியக்காரன் புத்தி. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நேராக ஏறினாள். முகம் மலர்ந்து போயிற்று.

அவளுக்கு ஸ்வரத் தாள் படிக்கத் தெரியாது. பாட்டே அப்படித்தான் என்று நினைத்தாள். நானும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது, அது ரகசியம் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதில் இருந்த இன்பத்தை இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஊரில் சிலர் வேறு மாதிரி நினைத்தார்கள். அப்படி எதுவும் இல்லை. அவள் புருஷன் மேல் எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. வீட்டுக்குப் போகிற பிலோமினா அவருடையவள். பியானோ பக்கத்தில் நின்று மூச்சு எடுக்கிற பிலோமினா என்னுடையவள். எனக்கு அது போதும்.

ஆரோக்கியம் ஒல்லியான மனிதர், வாய் மட்டும் பெருசு. டயருக்குப் பதிலாக ரப்பர் குழாயைச் சுற்றிய சைக்கிளில் மனைவியைக் கூட்டிப்போக வந்து, பங்களாப் படியில் உட்கார்ந்துகொள்வார்.

"என்ன மச்சான், பாட்டு இது? வயித்துவலிக்காரன் முனகுற மாதிரியே இருக்குலா. ஒரு அவுன்ஸ் மிக்ஸர் மருந்து கலக்கிக் கொடுக்கவா?"

"சும்மா இருங்க. மெட்டு உங்களுக்கு விளங்காது," என்பாள் பிலோமினா.

"எனக்கு விளங்குறது ஒண்ணுதான். மாவும் இல்ல, குயினினும் இல்ல, மரவள்ளிக் கிழங்கத் தின்னுட்டு இப்படி மூச்சு விட உன்னாலதான் முடியும்."

ஒரு வாரம் கழித்து அவர் பெயர் பட்டியலில் ஏறியது. ரயில் பாதை முகாமுக்கு டிரஸர் வேண்டுமாம். அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கும் அவர் படியில் வந்து உட்கார்ந்தார். பகடி எதுவும் பேசவில்லை. அன்று பாட்டு முடிந்ததும் பிலோமினா நேராக மேஜைக்குப் போனாள். ஆரோக்கியத்தின் பெயரை எடுத்துவிடச் சொல்லி மலாயில்தான் கேட்டாள். எங்களுக்கும் அதிகாரிக்கும் நடுவில் இருந்த மொழி அது ஒன்றுதான்.

அதிகாரி பியானோவைக் காட்டினார். "விருந்தாளிகள் முன்னால் நன்றாகப் பாடு. பிறகு பெயரைப் பார்க்கலாம்," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியிலும் ஆரோக்கியம் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி பின்னால் வந்து என் தோளை ஒரு விரலால் தட்டினார். எழுந்தேன். அவர் உட்கார்ந்து தொடக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினார், நாலைந்து வரி.

பிள்ளைகளே, நான் அதுவரை பனியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் அதைத் தொடாமல் விட்டார். கை கட்டையில் விழுந்ததா விழவில்லையா என்று தெரியவில்லை, ஹால் முழுக்க ஈரமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் வெயிலில் நின்ற பால்மரங்கள்கூட மங்கிப்போன மாதிரி எனக்கு ஒரு பிரமை.

"அண்ணே," என்றாள் பிலோமினா, கண் விரிய. "இது நம்ம பாட்டுதானா?"

நம்ம பாட்டு என்றுதான் சொன்னாள். என் காதில் அது விழவில்லை. அவள் கண் அவர் விரல் மேல் இருந்ததுதான் எனக்குத் தெரிந்தது. அன்று பீடோங்குக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் ஒரே எண்ணம். மனிதர்களைப் பட்டியல் போட்டு லாரியில் ஏற்றுகிற கைக்கு இப்படி ஒரு தொடுகை எதற்கு? என் கைக்கு ஏன் இல்லை? யார் மேல் வரும் கோபம் இது என்று எனக்கே தெரியாமல் நடந்தேன். ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. பெருவிரல் விஷயம் அவருக்குத் தெரியாது. அவர் தொடக்கத்தைத்தான் வாசித்தார், அந்த இடம் வரை போகவில்லை.

விழா நாள். தோக்கியோ நேரம் நாலு மணி என்றார்கள், எங்கள் வெயிலுக்கு அது இரண்டு. ஹாலில் கத்தி கட்டிய விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியம் வழக்கமான படியில் இல்லை, சமையல் கட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். தொடங்க அரை மணி இருக்கும்போது அதிகாரி என்னிடம் வந்தார்.

"நான் வாசிக்கிறேன். நீ தாள் திருப்பு."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? பிலோமினா பின் வராந்தாவில் நின்று சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சேதியைச் சொன்னேன். அவளுக்கு ஒரு நிமிடம் பயம். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, ரெண்டாவது அடிக்கு முன்னால உள்ளுக்குள்ள மெல்ல ஒரு சத்தம் வருமே, அதப் புடிச்சுத்தான் நான் ஏறுறேன். அவரு வாசிச்சாலும் அது வரும்ல?"

பிள்ளைகளே, என் வேலையில் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். தப்பான பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன், கல்யாணப் பாட்டுக்குப் பதில் அடக்கப் பாட்டைத் தொடங்கியிருக்கிறேன். அதெல்லாம் கை செய்த தவறு. இது அப்படி இல்லை. எனக்கு அரை மணி நேரம் இருந்தது. ஹாலுக்குப் போய், "துவான், இந்த இடத்தில் இந்த ஸ்வரத்தைச் சேர்த்து வாசியுங்கள், அவளுக்கு அது வேண்டும்," என்று சொன்னால் முடிந்தது. அல்லது அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உள்ளே ஆரோக்கியத்தின் பெயர் கண்ணாடிக் குண்டுக்குக் கீழே கிடந்தது. எல்லாம் தெரியும்.

"வரும்," என்றேன்.

முதல் அடியை அவள் பாடிய விதத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். என்னோடு ஒரு நாளும் அவள் அப்படிப் பாடியதில்லை. அதிகாரியின் கைகள் அவளுக்கு முன்னால் போகவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை. இத்தனை நாள் என் வாசிப்புக்கு அடியில் அந்தக் குரல் குனிந்து நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. இப்போது நிமிர்ந்து நடந்தது. மீசை நரைத்த ஒரு மேலதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். நான் பியானோவில் இருந்த அதிகாரியின் இடது பக்கத்தில் நின்று தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த இடம் வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன். அவள் விழுவாள் என்று. விழுந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைக்காமல்.

அந்த இடம் வந்தது. பியானோ தனியாகப் போய், நின்றது. அவள் மூச்சை எடுத்தாள். வாயைத் திறந்தாள். ஸ்வரம் வரவில்லை. திறந்த வாய் அப்படியே இருந்தது.

அதிகாரி தடுமாறவில்லை. எழுதியதே அப்படித்தான் என்பது போல அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வாசித்துக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு என்ன குறைகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

இடது கையால் தாளைத் திருப்பிக்கொண்டே, வலது கையை அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் நீட்டி, பெருவிரலால் அந்தக் கட்டையை அழுத்தினேன். அவள் பிடித்துக்கொண்டாள். ஏறினாள். விளக்கு அணைகிற கடைசி வரி வரைக்கும் எங்கும் தடுக்கவில்லை. மேலதிகாரிகள் கைதட்டினார்கள்.

ஆரோக்கியத்தை நினைத்து அழுத்தினேன் என்று சொல்ல எனக்கு ஆசை. அது பொய். அவ்வளவு அழகாக வாசித்த மனிதரை விட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள், அதற்காகத்தான் அழுத்தினேன். நான் செய்த நல்ல காரியமும் அதே நோயிலிருந்துதான் வந்தது. நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் சாப்பாட்டு மேஜைக்குப் போன பிறகு அதிகாரி பியானோ மூடியைச் சாத்தினார். பிலோமினா அங்கேயே நின்றாள்.

"அந்த ஸ்வரம் தாளில் இல்லை," என்றார் என்னிடம்.

"இல்லை."

"எப்போதும் கொடுப்பாயா?"

"ஆமாம்."

"என்னிடம் சொல்ல உனக்கு அரை மணி நேரம் இருந்தது."

ஓங்கி ஓர் அறை விட்டார். அந்தக் காலத்தில் ஜப்பான்காரனிடம் அறை வாங்காதவர் யார்? தலை வணங்கவில்லை என்றால் அறை, தாமதம் என்றால் அறை. எதற்கு என்று விளங்கி நான் வாங்கியது அது ஒன்றுதான்.

பிறகு மேஜைக்குப் போய், கண்ணாடிக் குண்டைத் தூக்கி, ஒரு பெயரின் மேல் கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழேயே இன்னொரு பெயரை எழுதினார். பட்டியலின் நீளம் குறையக் கூடாது போலிருக்கிறது. பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டமொன்றின் டிரஸரை லாரியில் ஏற்றிப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் திரும்பி வரவில்லை. அவர் வீட்டில் யாருக்காவது பாட வருமா என்று யாரும் கேட்கவில்லை.

பிலோமினா என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். ஆரோக்கியம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், மச்சான்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. அந்தக் கையை நான் எங்கே கொண்டு வைப்பேன்?

ஒரு பாடகியை இன்னொருவர் கையில் ஒப்படைக்க நேரும்போது, நீங்கள் அவளுக்குக் கள்ளத்தனமாகக் கொடுத்துவருகிற எல்லாவற்றையும் சேர்த்து ஒப்படையுங்கள். எங்கே மூச்சுக்குக் காத்திருப்பீர்கள், எங்கே மெதுவாக்குவீர்கள், எந்த விரலால் எதைத் தாங்குவீர்கள், எல்லாம். முடிந்தால் அதற்கும் முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் இதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கற்றேன்.

பூசை முடிந்து கோயில் காலியாகியிருந்தது. ஹார்மோனியத்தை மூடப் போனேன். பிலோமினா வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தப் பாட்ட வாசிங்க."

"எதுக்கு தங்கச்சி? அதான் முடிஞ்சு போச்சே."

"முடியல. பட்டியல் இன்னும் மேசையிலதான் இருக்கு. மறுபடி பாடச் சொல்லுவாரு. அன்னிக்கு யாரு வாசிப்பாங்களோ, நீங்க எங்க நிப்பீங்களோ, யாருக்குத் தெரியும்? வாசிங்க. கட்டவெரல மேல தூக்கிக்கிட்டு வாசிங்க."

"பிலோமினா, அன்னைக்கு நான்..."

"வரும்னு சொன்னீங்க. நான் நம்புனேன். அதப் பத்தி இப்ப பேச வேணாம். வாசிங்க."

வாசித்தேன். இரண்டாம் அடிக்கு முந்தைய இடத்தில் பெருவிரலைத் தூக்கிக்கொண்டேன். தவறினாள். மறுபடி என்றாள். தவறினாள். நான்கு முறை. என் விரல் தானாகக் கீழே இறங்கப் பார்த்தது, அவள் முறைத்தாள், தூக்கிக்கொண்டேன்.

ஐந்தாவது முறை அவள் வேறு மாதிரி செய்தாள். முதல் அடியின் கடைசி ஸ்வரத்தை விடாமல், வாயை மூடி, உள்ளேயே வைத்துக்கொண்டாள். ஹார்மோனியம் எங்கெங்கோ போயிற்று. அவள் அதோடு போகவில்லை. ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி அந்த ஒரு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். என் வாசிப்பு நின்றதும், அதிலிருந்து ஒரே ஒரு படி கீழே இறங்கினாள். இரண்டாம் அடியின் ஸ்வரம் அங்கே இருந்தது.

ஒரு படி. அவ்வளவுதான் தூரம். மூன்றாம் நாளே நான் சொல்லித் தந்திருக்கலாம்.

வாசலில் சைக்கிள் சாயும் சத்தம். "அட, வயித்துவலி கொஞ்சம் கொறைஞ்சிருக்கு போல!" என்று ஆரோக்கியத்தின் குரல். பிலோமினா திரும்பிப் பார்க்கவில்லை, பாடிக்கொண்டே சிரித்தாள். பனிக்குள் தனியாக நடந்து போனாள், அணையப்போகிற அந்த விளக்கை நோக்கி. என் பெருவிரலை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் பாடி முடிக்கும்வரை அதைத் தூக்கியே வைத்திருந்தேன்.